வியாழக்கிழமைச் செதில்

கீல் நகரத்துத் தோல் மருத்துவமனையில்
என் வேலை எடை போடுவது.
தங்கமில்லை, தானியமில்லை.
மனிதர்கள் உதிர்த்ததை.

இங்வெர்சன் வியாழன்தோறும் வருவார்.
ஃபியோர்டைக் கடக்கும் பயணிப் படகில்
கரைக்குக் கயிறு வீசுபவர்.
ஜூலையிலும் மணிக்கட்டுவரை சட்டை,
ஒரு பொத்தான்கூடத் தளராது.
உள்ளே முழங்கையில், முதுகில், முழங்காலில்
வெள்ளி பூத்த சிவப்புத் திட்டுகள்.
நர்ஸ் மழுங்கிய கத்தியால் வருட
காகித உறைக்குள் பொலபொலவென்று விழும்.
அதை நீட்டும்போது ஒவ்வொரு முறையும்
"மன்னிக்கணும், ஃப்ராவ் லோரென்ட்சென்" என்பார்,
என் மேசையில் எதையோ கொட்டிவிட்டவர்போல.

முதல் மாதம் வாக்வம் கிளீனர் பையைத்
தூக்கிக்கொண்டு வந்தார்.
மனைவி ஆன்ட்யே ஒரு வாரமாய்ச் சேர்த்தது,
படுக்கை விரிப்பிலிருந்து, சோபா இடுக்கிலிருந்து.
நாய் முடியும் இருந்தது அதில்.
வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை.
வாங்கி வைத்தேன்.
மறுநாள் குப்பையில் போட்டேன்.
இன்றுவரை அவருக்குத் தெரியாது.

செதிலை அமிலத்தில் ஊறவைத்து
அரைத்து, வடித்து,
கண்ணாடிக் குழாய் குழாயாய் இறக்கினால்
நாற்பது பேருடைய கூச்சம்
கடைசியில் ஒரு சொட்டுக்கும் குறைவு.
அதற்குள் இருக்கிறது அந்தப் பெப்டைடு:
நாற்பத்தைந்து மணி கோத்த சரம்,
மூன்று முடிச்சு,
உடம்பெல்லாம் நேர்மின்.
கிருமியின் மேலுறையோ எதிர்மின்.
அதற்குமேல் அறிமுகம் எதற்கு?
ஒட்டும். நுழையும். ஓட்டை போடும்.
கிழிந்த தண்ணீர்ப் பை மாதிரி
கிருமி தன்னையே ஒழுகவிட்டுச் சுருங்கும்.

அன்றிரவு வெங்காயம் நறுக்கி விரல் கீறிக்கொண்டேன்.
நான்கு நாளில் மூடிக்கொண்டது.
யாருக்கும் நன்றி சொல்லத் தோன்றவில்லை.

"உங்கள் தோலில் அது கொட்டிக் கிடக்கிறது,
இத்தனை வெடிப்பிருந்தும்
சீழ் பிடிக்காதது அதனால்தான்" என்றேன் ஒருநாள்.
வெகுநேரம் பேசவில்லை.
"அப்போ இது நோயில்லையா?"
நோய்தான்.
திருடனே வராத தெருவில்
விடிய விடிய விசில் ஊதினால்
யார் தூங்குவது?

அடுத்த அறையில் யோரின். பதினான்கு மாதம்.
எக்ஸிமா.
கைக்குப் பருத்தி உறை மாட்டியும்
கன்னமெல்லாம் சொறிந்த கோடு.
அதன்மேல் தேன் நிறப் பொருக்கு:
ஸ்டாஃபிலோகாக்கஸ் குடிவந்தாயிற்று.
அவர் சிவப்பும் இவன் சிவப்பும்
பார்வைக்கு ஒன்றுதான்.
இவனுக்கு அந்தச் சரம் போதவில்லை.

கதவிடுக்கில் பார்த்தவர்
உறையை என்னிடம் தராமல் நின்றார்.
"இதில் கொஞ்சம் அவனுக்கு..."

முடியாது, இங்வெர்சன்.
தோலில் ஊறும் நொதிகள் மென்று தின்றுவிடும் என்றேன்.
ஆலையில் செய்து வாங்க
உங்கள் படகையே விற்க வேண்டும் என்றேன்.
மண்ணுக்குள் பாக்டீரியா நூற்ற தூரத்துச் சொந்தங்கள்
மருந்துக்கடைக் களிம்பில் ஏற்கெனவே உண்டு,
தவளைத் தோல் சொல்லிக்கொடுத்த ஒன்றோ
கால்புண்ணுக்கு மருந்தாகப் புறப்பட்டு
அனுமதி வாசலில் நின்றுபோயிற்று என்றேன்.
அளவு மிஞ்சினால் நம் செல்லையும் கிழிக்கும் என்றேன்.
எல்லாம் உண்மை.
உண்மையைச் சொல்லும்போது
ஏன் கடன்காரி மாதிரி தரையைப் பார்த்தேனோ.

கேட்டுக்கொண்டார். உறையை வைத்தார்.
"எத்தனை?"
ஒன்று புள்ளி இரண்டு கிராம்.
"போன வாரம் ஒன்று புள்ளி நாலு."
மருந்து கேட்கிறது, ஆறிவருகிறீர்கள் என்றேன்.
சம்பளத்தில் பிடித்தம் விழுந்த முகம்.
"மன்னிக்கணும்" என்றார்,
இந்தமுறை குறைந்துபோனதற்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் யோரின் அழத் தொடங்கினான்.
இங்வெர்சன் மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
இரண்டரை மணிப் படகுக்கு ஓடினார்.